நெஞ்சில் நீலம் இல்லாத பறவை

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ஷிஃப்ட். காலையில் வந்து, குளித்து, இரண்டு இட்லியோ ஒரு தோசையோ சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவாள். டெக்சாஸில், இர்விங்கில் நாங்கள் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை உள்ள அபார்ட்மென்ட். அவள் படுத்துவிட்டால் வீட்டில் எதையும் தொட முடியாது. குக்கர் வைக்க முடியாது, குழாயை வேகமாகத் திறக்க முடியாது, டிவி பேச்சே கிடையாது. எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. இந்தியக் கடை ஒன்றில் காய்கறி அடுக்குகிறேன். அதுவரை நான் இருப்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் பால்கனி. கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டு, ஒரு டம்ளர் காப்பியோடு அங்கே உட்கார்ந்துகொள்வேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காலை நேரத்தில் எனக்குப் பால்கனியில் என்ன வேலை என்பதுதான் பின்னால் பெரிய கேள்வியாகிவிட்டது.

எதிர்க் கட்டடம் ரொம்பப் பக்கம். நடுவில் கொஞ்சம் புல்தரை, இரண்டு மரம், அவ்வளவுதான். எங்களைப் போலவே மாடியில், மூலை வீட்டில், சென்னையிலிருந்து வந்த பெண் ஒருவர் தனியாக இருந்தார். முப்பது வயது இருக்கலாம். கம்ப்யூட்டர் வேலை; வீட்டிலிருந்தே பார்ப்பார். ஜன்னலை ஒட்டி அவருடைய மேஜை. அந்த ஜன்னலுக்கு வெளியே, பால்கனிக் கம்பியில், சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று தொங்கும். அதில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஹம்மிங்பேர்ட் வந்து குடிக்கும். இந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளில் அப்படி ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம்.

முதன்முதலில் பார்த்தபோது அதை நான் வண்டு என்று நினைத்தேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இறக்கை கண்ணுக்கே தெரியாது. நம் ஊர்த் தேன்சிட்டு பூவில் உட்கார்ந்து குடிக்கும். இது அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் பின்பக்கமாகப் பறந்து போகும். நாள்பட நாள்பட எனக்கு அது பழகிவிட்டது. காப்பி ஆறும் வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன கோடையில் ஒரு நாள் புதிதாக ஒன்று வந்தது. மற்றவற்றைவிட நன்றாகப் பெரியது. உடம்பு முழுக்கப் பச்சை. கண்ணுக்குப் பின்னால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தீற்று. வால் நீலம், அதன் குறுக்கே கறுப்பாக ஒரு பட்டை. மற்றவை போல அது அந்தரத்தில் நிற்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து, பந்தியில் இடம் பிடித்துவிட்டவர் போல நிதானமாகக் குடித்தது. பக்கத்தில் வந்த சின்னப் பறவைகளை விரட்டிவிட்டது. நடுநடுவே மரத்துக்குப் போய், கத்தரிக்கோலால் துணி வெட்டுகிற மாதிரி ஈரமே இல்லாத ஒரு குரலில் விடாமல் கத்தியது.

போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஒன்றும் தேறவில்லை. அடுத்த நாளும் பிடித்தேன், அதற்கடுத்த நாளும் பிடித்தேன். எல்லாம் பச்சையாக ஒரு கறை. இரண்டு வாரம் கழித்து, கடைசியில் ஒன்று நன்றாக வந்தது. பறவை என் பக்கம் முகத்தைத் திருப்பி, நெஞ்சைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்ததுதான் எனக்கே வினையாக முடிந்தது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நான் நேரில் யாரோடும் அதிகம் பேசுகிறவன் இல்லை. அஞ்சாவதோடு படிப்பு முடிந்தவன். இங்கே யாரோடு பேச்சு ஆரம்பித்தாலும், ஊர் எந்தப் பக்கம் என்று கேட்ட கையோடு எங்கே படித்தீர்கள் என்று வந்துவிடும். குரூப்பில் அந்தச் சங்கடம் இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு காலை வணக்கப் படத்தைப் போட்டுவிட்டால் போதும், நாமும் இருக்கிறோம் என்று ஆகிவிடும். பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். யாராவது இறந்துபோன செய்திக்கும் அதே கும்பிடுதான்.

பூ, சூரியன், குழந்தை, கிளி என்று எனக்கு எங்கெங்கிருந்தோ வரும் படங்களை நானும் அனுப்பிக்கொண்டிருந்தேன். போனில் அதற்கென்றே ஓர் ஆப் இருந்தது. படத்தைச் சுற்றி ரோஜாப்பூ வைக்கலாம், மேலே எழுத்துப் போடலாம். என் பறவையை அதில் போட்டு, சுற்றிலும் ரோஜா வைத்து, 'இனிய காலை வணக்கம்' என்று எழுதி அனுப்பினேன். ரோஜாப்பூக்கள் கிண்ணத்தையும் கம்பியையும் மறைத்துவிட்டன. நடுவில் பறவை மட்டும் இருந்தது. வழக்கமான கும்பிடுகள் வந்தன. நான் எடுத்த படம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது பதில் எழுதுவார்கள், அதற்கு நான் பதில் எழுத வேண்டும். பிறகு, போனில் இடமில்லை என்று காட்டியதால், மூலப் படங்களை எல்லாம் அழித்துவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கடையில் வெண்டைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தேன். குரூப்பை நடத்துகிற பெரியவர் வந்தார். ரிட்டயர்டு என்ஜினியர், வெகுகாலம் முன்பே வந்துவிட்டவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு வாடகை பார்க்கும் லீசிங் ஆபீஸில் தகராறா, காருக்கு இன்ஷ்யூரன்ஸா, அவரிடம்தான் போவோம். பறவை பார்ப்பது அவருக்கு ஒரு பைத்தியம். லீவு நாட்களில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விடுவார்.

அவர் ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார். ஒடிக்கக் கூடாது என்று தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார்.

கையிலிருந்த காய்களைக் கூடையில் போட்டேன்.

"காலைல பால்கனில என்ன பண்றீங்க?"

"சும்மா உக்காந்திருப்பேன் சார்."

"சும்மாதானா? கைல போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறீங்களாமே."

கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"எதிர் பில்டிங் பொண்ணு எனக்குக் கால் பண்ணுச்சு. ஒருத்தர் டெய்லி காலைல என் ஜன்னலப் பாத்து வீடியோ எடுக்கறார் அங்கிள், பாத்தா தமிழ் ஆளு மாதிரி இருக்கு, அதனாலதான் மொதல்ல உங்ககிட்ட சொல்றேன், மண்டே லீசிங் ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் பண்ணப் போறேன்னுது." இன்னொரு நுனியை ஒடித்தார். "ஆபீஸ்ல போலீஸக் கூப்பிட்டாங்கன்னா அது ரிப்போர்ட் ஆயிடும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. நாளைக்கு சிட்டிசன்ஷிப் அப்ளை பண்றப்ப அதுவும் வந்து நிக்கும். உங்க மிஸ்ஸஸ் வேலையையும் யோசிச்சுப் பாருங்க."

"பறவை சார்," என்றேன்.

"என்னது?"

"பறவையத்தான் எடுத்தேன். அவங்க கிண்ணத்துல வந்து குடிக்கும்."

அவர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. "என்ன பறவை? காட்டுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினேன்.

"இது ஃபார்வர்ட்," என்றார்.

"இல்ல சார், நான் எடுத்தது."

"இனிய காலை வணக்கம்னு போட்டிருக்கே."

"அது நான் போட்டது."

"ரோஜாப்பூ?"

"அதுவும் நான்தான் சார்."

"சரி, ஒரிஜினல் எங்க?"

"அழிச்சுட்டேன். போன்ல எடமில்ல."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு அம்மாள் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் கைவிட்டு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு போனார்.

"இது என்ன தினுசுன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"வயலெட் இயர்னு சொல்லுவாங்க. காதுகிட்ட பாருங்க, கத்தரிப்பூ கலர். மலைக்காட்டுல இருக்கறது. நல்ல உயரம், குளிர், ஓக் மரம், பைன் மரம், அந்த மாதிரி எடம். மெக்சிகோலேர்ந்து தெற்க பொலிவியா வரைக்கும் மலைய ஒட்டியே இருக்கு. ஆனா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. மெக்சிகோ, குவாத்தமாலா, நிகராகுவா, அது வரைக்கும் இருக்கறதுக்கு நெஞ்சுல நீலமா ஒரு திட்டு இருக்கும். தாடைலயும் கொஞ்சம் நீலம். கோஸ்டா ரிகாலேர்ந்து தெற்க போனா அந்த நீலம் கெடையாது. நெஞ்சு வெறும் பச்சை. மின்னாடி எல்லாம் ஒண்ணுதான்னு வெச்சிருந்தாங்க. இப்ப ரெண்டா பிரிச்சுட்டாங்க."

"சரிங்க சார்."

"டெக்சாஸுக்கு எப்பவாவது ஒண்ணு வழி தப்பி வரும். வந்தா மெக்சிகோ தினுசுதான் வரும். நீலம் இருக்கறது. இதுல நீலம் எங்க இருக்கு? நீங்களே காட்டுங்க."

படத்தைப் பார்த்தேன். தொண்டையிலிருந்து வயிறு வரை பச்சை. மங்கலான, கரும்பச்சை.

"இது பெருவுலயோ ஈக்வடார்லயோ மலை மேல எவனோ எடுத்த போட்டோ. நெட்ல கெடக்கு. அது இங்க வந்து சர்க்கரத் தண்ணி குடிச்சுதுன்னா யார் நம்புவா?" குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களத் தப்பா நெனைக்கல. ஆனா அந்தப் பொண்ணுகிட்ட இதக் காட்டிடாதீங்க. இருக்கறதும் கெட்டுப் போயிடும்."

வெண்டைக்காய் வாங்காமலேயே போய்விட்டார். ஒடித்த காய்களைப் பொறுக்கித் தனியாக வைத்தேன்.

அவர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அவர் அப்படி ரகம் பிரிப்பதில் கெட்டிக்காரர். நான் இங்கு வந்த புதிதில், குரூப்காரர்கள் கூடிய ஒரு சாப்பாட்டில், நான் "சாம்பார் போதுங்க" என்று சொன்ன ஒரே பேச்சை வைத்து, "திருச்சிப் பக்கம், லால்குடியா?" என்று கேட்டவர். லால்குடியேதான். ஆளை அப்படிக் கண்டுபிடித்தவர் பறவையைத் தப்பாகச் சொல்வாரா? அன்று ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அந்த ரோஜாப்பூ படத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. எனக்கு வந்த படங்களில் ஒன்றைத்தான் மாற்றிப் போட்டுவிட்டேனா? இல்லை, நான் எடுத்ததுதான். அப்படியானால் நீலம் எங்கே? பெருவில் இருக்கிற பறவை டெக்சாஸுக்கு வராது. வராத பறவையை நான் பார்த்ததாகச் சொன்னால், நான் பார்த்தது வேறு எதையோ என்றுதான் ஆகும்.

அதன் பிறகு எல்லாமே என்னைப் பற்றியதாகத் தெரிந்தது. குரூப்பில் யாரோ, 'நல்ல குடும்பம் ஒரு கோயில்' என்று ஒரு படம் போட்டார். எனக்காகத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள், நான் போனதும் இங்கிலீஷுக்கு மாறினார்கள். மாறினார்களா, அல்லது முதலிலிருந்தே இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தார்களா என்பதும் சரியாக நினைவில்லை. சார் மேலும் சந்தேகம் வந்தது. ஒருவேளை பறவை நிஜம் என்று தெரிந்துகொண்டே, தான்தான் முதலில் பார்த்ததாகச் சொல்லப் பொய் சொல்கிறாரோ. அந்தப் பெண் மேலும் வந்தது. சும்மா ஒரு மனுஷன் காப்பி குடிப்பது அவருக்கு என்ன உறுத்தல்.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். கிண்ணத்துக்குப் பின்னாலேயே ஜன்னல். அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் தெரியத்தான் செய்யும். நான் அவரைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். நான் எதைப் பார்த்தேன் என்பது எனக்குள் இருக்கிறது. என் போன் எந்தப் பக்கம் இருந்தது என்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

சனிக்கிழமை காலை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு அன்று ஷிஃப்ட் நீண்டுபோய் இன்னும் வரவில்லை. "நேர்ல பாத்துட்டா தீந்துது," என்றார். கழுத்தில் பைனாகுலர். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டேன். காப்பி கொடுத்தேன். பைனாகுலரைத் துடைத்து, கண்ணுக்குக் கொண்டுபோகப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டார். அது நேராக அந்தப் பெண்ணின் ஜன்னலைப் பார்க்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"வெறும் கண்ணாலயே பாப்போம்," என்றார்.

நேராகப் பார்க்கவும் இரண்டு பேருக்கும் கூச்சம். அவர் மரத்தைப் பார்த்தார். நான் என் டம்ளரைப் பார்த்தேன். ஏதாவது அசைந்தால் மட்டும் கண்ணைத் திருப்பி, உடனே எடுத்துக்கொண்டோம். சின்னப் பறவைகள் வந்தன. "இது இங்கயே இருக்கறது," என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். பெரியது வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர் ஜன்னலில் அந்தப் பெண் எழுந்து நின்றார். எங்களைப் பார்த்தார். முன்பு ஒருவர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர். திரையை இறக்கிவிட்டார்.

"நான் கெளம்பறேன்," என்றார் சார். வாசலில் செருப்பை மாட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "மிஸ்ஸஸ்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. வெளியிலேர்ந்து தெரிஞ்சா நல்லா இருக்காது," என்றார்.

அன்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வேலையிலிருந்து வந்து, நீல யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தபோது சொன்னேன். தோசையை வார்த்துக்கொண்டே, அடுப்பைப் பார்த்து, நெஞ்சில் நீலம் இல்லை என்று சார் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். விடிந்தால் திங்கள். இதற்கு மேல் தள்ள வழியில்லை.

அவள் கத்தவில்லை. நோயாளியிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"டெய்லியா?"

"டெய்லிதான்."

"நான் தூங்குறப்ப."

"நீ தூங்குறதாலதான் வெளிய உக்காருறேன்."

"அன்னைக்கி தண்ணி குடிக்க எந்திரிச்சேன். போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க. ஊருக்கு வீடியோ கால் பேசுறீங்கன்னு நெனச்சேன்." தோசையைப் பிய்த்தாள், சாப்பிடவில்லை. "அந்தப் பொண்ணு பாக்க எப்டி இருக்கும்?"

"எனக்குத் தெரியாது."

"மூணு வாரம் எதுத்தாப்ல உக்காந்து தெரியாதா?"

என்ன பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தது. படத்தைக் காட்டினேன். பார்த்தாள். "இத நீங்க அனுப்புனன்னைக்கே பாத்தேன். நான்கூட கும்பிடு போட்டேன். நம்ம பால்கனின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

எழுந்து கையைக் கழுவினாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"அந்த வீட்டுக்கு."

"எதுக்கு?"

"பறவை வருதான்னு பாக்க," என்றாள். "வரலன்னா அதையும் பாத்துட்டு வரேன்."

நான் சமையலறை ஜன்னல் ஓரமாக, வெளியே தெரியாதபடி நின்றேன். அவள் புல்தரையைக் குறுக்கே கடந்து போவது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிர் பால்கனிக் கதவு திறந்தது. இருவரும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி முழுக்க நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள். அவளை ஓர் இடத்திலிருந்து எழுப்புவது சுலபமில்லை. அந்தப் பெண் உள்ளே போனார், டீ கொண்டுவந்து கொடுத்தார், மறுபடி உள்ளே போனார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. என் மனைவி தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

போன் அடித்தது.

"வெளிய வாங்க," என்றாள் சின்னக் குரலில்.

"எதுக்கு?"

"வாங்கன்னு சொல்றேன்ல. எப்பவும் நிக்கிற எடத்துல வந்து நில்லுங்க. மெதுவா."

கதவைத் திறந்துகொண்டு போய் நின்றேன். லுங்கியில் இருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு போனை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. பிறகுதான் கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்தேன். பெரியது உட்கார்ந்திருந்தது.

"என்ன தெரியுது ஒங்களுக்கு?" என்று காதில் கேட்டாள்.

"பச்சை. கரும்பச்சை."

"நெஞ்சு?"

அது குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி என் பக்கம் திரும்பியது. "பச்சைதான்."

பிறகு அவர்கள் பக்கம் திரும்பியது. போனில் அந்தப் பெண் "ஓ" என்று மூச்சுவிடுவது கேட்டது. "நீலமா இருக்குங்க," என்றாள் என் மனைவி. "நெஞ்சுல நல்ல நீலம். திரும்புனா இருக்கு, கொஞ்சம் அசைஞ்சா போயிடுது."

அந்தப் பெண்ணின் வீடு மூலை வீடு. காலை வெயில் அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னாலிருந்து வந்து கிண்ணத்தில் விழும். எனக்கு அதே வெயில் கண்ணுக்கு நேரே. பறவையின் நீலம் மையில் எழுதியது போல எப்போதும் இருப்பதல்ல. வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து போய் அதன் மேல் பட்டால்தான் தெரியும். இதைப் பிற்பாடு சார் சொன்னார். முதலிலேயே தனக்குத் தெரியும் என்பது போலச் சொன்னார்.

அவர்கள் எடுத்த படத்தில் பறவை தெளிவாக இருந்தது. நெஞ்சில் நீலத் திட்டு, தாடையில் கொஞ்சம் நீலம். பின்னால், கலங்கலாக, லுங்கி கட்டிய ஓர் ஆள். மனைவி அதை சாருக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. மெக்சிகோ தினுசுதான், சந்தேகமே இல்லை என்றார். மெக்சிகோ மலையிலிருந்து நம்ம அபார்ட்மென்ட்டுக்கு வந்திருக்கு பாருங்க என்று, தானே போய் அழைத்து வந்தவர் மாதிரி பேசினார். பறவை பார்க்கிற கூட்டாளிகளுக்கு அந்தப் படத்தை அனுப்பினார். எனக்கும் ஒன்று வந்தது. அதில் பின்னால் இருந்த ஆளை வெட்டி எடுத்திருந்தார்.

கூட்டாளிகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். "பைனாகுலரோட இத்தன பேர் என் பால்கனிலயா? வேணாம் அங்கிள், ப்ளீஸ்," என்றாராம்.

திங்கட்கிழமை அந்தப் பெண் லீசிங் ஆபீஸுக்குப் போகவில்லை. அது எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கிளம்பும்போது அவர் வாசலில் நின்று சொன்னதை அவள் என்னிடம் மறைக்கவில்லை.

"பறவை வர்றது உண்மைதான் ஆன்ட்டி. நான் ஒத்துக்கறேன். ஆனா டெய்லி ஒரு போன் என் விண்டோவப் பாத்து இருந்துதே, அதுவும் உண்மைதானே. தனியா இருக்கேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நானும் உன் எடத்துல இருந்தா அப்டித்தாம்மா நெனப்பேன்னு சொன்னேன்."

அவளிடம் அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பறவை இன்னும் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலில் திரை காலையில் இறங்கியே இருக்கும். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் தவறாமல் இருக்கும். போனை நான் வெளியே எடுத்துப் போவதில்லை. நாற்காலியையும் மரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் மட்டும் கழுத்தைத் திருப்புவேன்.

ஒரு நாள் மனைவி சாப்பிட்டுப் படுக்கப் போனவள், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அன்று சாருக்குப் போட்ட நாற்காலி அங்கேயே கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். ராத்திரி வேலை பார்த்த கண், சிவந்திருந்தது.

"தூங்கல?"

"வரல."

"பறவை பாக்க வந்தியா?"

"நீங்க என்ன பாக்குறீங்கன்னு பாக்க வந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாளா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவள் எதிர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பறவை வந்து விளிம்பில் உட்கார்ந்தது. எங்கள் இடத்திலிருந்து அதன் நெஞ்சு கரும்பச்சையாகத்தான் தெரிந்தது. அது குடித்து முடித்துப் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.